முதல் குழந்தை சிசேரியன், அடுத்தது சுகப்பிரசவமா? தழும்பு, டிரிப்ஸ், தியேட்டர்: விவாத இழை

வலிநேரம் | மகப்பேறு மருத்துவம் | பதிவு 1

"ஒரு தடவை சிசேரியன்னா எப்பவுமே சிசேரியன்தான்." 1916இல் நியூயார்க் மருத்துவர் எட்வின் கிராகின் எழுதிய வாக்கியம் இது. முதல் சிசேரியனைத் தேவையில்லாமல் செய்யாதீர்கள் என்று எச்சரிக்கத்தான் எழுதினார். நாம் வாலை மட்டும் பிடித்துக்கொண்டோம். அந்தக் காலத்தில் கர்ப்பப்பையின் மேல்பகுதியில் நெட்டுக்குத்தாக வெட்டினார்கள். வலி வந்தால் சுருங்குவதே அந்தப் பகுதிதான், அதனால் தழும்பு பிரிந்துவிடும். 1920களில் கிளாஸ்கோவின் மன்ரோ கெர் கீழ்ப்பகுதியில் குறுக்கு வெட்டைப் பரப்பினார். கீழ்ப்பகுதி வலியில் சுருங்காது, மெலிந்து விரியும். இன்று 'எல்எஸ்சிஎஸ்' என்று எழுதுவது இந்த வெட்டைத்தான்.

2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன், இந்திய சராசரி 21.5. அதாவது இரண்டாவது பிரசவத்துக்கு வரிசையில் நிற்பவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேர் வயிற்றில் தழும்பு இருக்கிறது. அதனால் இந்த இழையில் 'பண்ணலாமா, கூடாதா' என்ற பட்டிமன்றம் வேண்டாம். யாருக்கு, எந்த இடத்தில், எதை எண்ணிக்கொண்டு என்று பேசுவோம்.

முதலில் ஒரு காகிதம். வயிற்றுத் தோலில் பிகினி லைன் வெட்டு இருப்பதால் உள்ளே கர்ப்பப்பையிலும் குறுக்கு வெட்டுதான் என்று அர்த்தமில்லை. தோல் தழும்பைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. பழைய ஆபரேஷன் குறிப்பு வேண்டும்.

---

துணைநிலையம் | கிராம சுகாதார செவிலியர் | பதிவு 2

டாக்டர், அந்தக் காகிதத்துலதான் சிக்கல். தலைப்பிரசவம் அம்மா வீட்டு ஊர்ல, ஃபைல் அங்கேயே போயிடுது. கையில இருக்கிற டிஸ்சார்ஜ் சம்மரில 'எமர்ஜென்சி எல்எஸ்சிஎஸ், ஆண் குழந்தை, 2.9 கிலோ'ன்னு ஒரே வரி. அதை வெச்சு என்ன கேக்கணும், யாரை மேல அனுப்பணும்?

---

வலிநேரம் | பதிவு 3

நல்ல கேள்வி சிஸ்டர். காகிதம் இல்லாவிட்டாலும் அம்மாவிடம் கேட்டே பாதி வேலையை முடிக்கலாம்.

எத்தனாவது மாதத்தில் ஆபரேஷன்? ஆறாவது, ஏழாவது மாதம் என்றால் உஷார். அந்த நேரத்தில் கீழ்ப்பகுதி சரியாக உருவாகியிருக்காது, வெட்டு மேல்நோக்கிப் போயிருக்க வாய்ப்பு உண்டு. குழந்தை குறுக்காகக் கிடந்ததா, நஞ்சு (நஞ்சுக்கொடி) கீழே இருந்ததா? இவற்றிலும் அதே சந்தேகம்தான். நிறைமாதத்தில் சாதாரண காரணத்துக்குச் செய்தது என்றால், குறிப்பு கிடைக்காவிட்டாலும் கீழ்ப்பகுதிக் குறுக்கு வெட்டு என்று எடுத்துக்கொண்டு பேச்சை ஆரம்பிக்கலாம்.

ஏன் செய்தார்கள்? குழந்தை இடுப்புப் பக்கமாக (தலைக்குப் பதில் இடுப்பு கீழே) இருந்தது, நாடித்துடிப்பு இறங்கியது, என்பவை திரும்பவும் வரும் என்று இல்லை. 'கர்ப்பப்பை வாய் திறக்கலை', 'தலை இறங்கலை' என்றால் இந்த முறையும் அதே கதை நடக்கும் வாய்ப்பு கொஞ்சம் கூடும். முழுசாக வாய் திறந்து, மணிக்கணக்கில் முக்கிய பிறகு அறுத்திருந்தால் வெட்டு ஓரத்தில் கிழிந்து நீண்டிருக்கலாம். குறிப்பு கிடைத்தால் அதில் தேட வேண்டிய வார்த்தைகள்: எக்ஸ்டென்ஷன் (வெட்டு நீண்டது), இன்வெர்ட்டட் டி (தலைகீழ் 'டி' வடிவ வெட்டு), ஜே ('ஜே' வடிவ வெட்டு).

ஆபரேஷனுக்குப் பிறகு காய்ச்சல், தையலில் சீழ், மறுபடி அட்மிஷன்? இருந்தால் எழுதுங்கள். வேறு எப்போதாவது கர்ப்பப்பைக் கட்டி எடுத்தார்களா என்றும் கேளுங்கள். பலர் அதை 'சிசேரியன் இல்லையே' என்று சொல்லாமல் விட்டுவிடுவார்கள். கட்டி எடுக்கும்போது கர்ப்பப்பையின் உள்ளறை திறந்திருந்தால் அந்தத் தழும்பும் வலியில் பிரியக்கூடியதே.

முழு மறுப்பு இவற்றுக்கு: மேல்பகுதி நெட்டு வெட்டு, தலைகீழ் 'டி' வெட்டு, ஏற்கெனவே கர்ப்பப்பை கிழிந்தது, இப்போது நஞ்சு வாயை அடைத்திருப்பது. இவர்களுக்கு வலியே வரவிடாமல் தேதி குறிக்க வேண்டும்.

---

எண்ணும்எழுத்தும் | பொது சுகாதாரம் | பதிவு 4

'ஆபத்து', 'பாதுகாப்பு' என்று மொட்டையாகப் பேசினால் வீட்டில் மாமியார் ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம் இழுப்பார்கள். எண்களைச் சொல்லிவிடுவோம்.

ஒரே ஒரு கீழ்ப்பகுதிக் குறுக்குத் தழும்பு இருப்பவர் தானாக வலி வந்து முயன்றால் கர்ப்பப்பை கிழிவது ஏறத்தாழ 200 பேரில் ஒருவருக்கு. வலியே வராமல் தேதி குறித்துச் சிசேரியன் செய்தால் 10,000இல் 2. மேல்பகுதி வெட்டு என்றால் 100இல் 4 முதல் 9 வரை. முதல் வரிக்கும் கடைசி வரிக்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள், அந்தப் பழைய காகிதத்துக்கு ஏன் இவ்வளவு அலைகிறோம் என்று புரியும்.

வெற்றி வாய்ப்பு மொத்தமாக 100இல் 72 முதல் 75. முன்பு எப்போதாவது சுகப்பிரசவம் ஆகியிருந்தால் 85 முதல் 90. காரணம் வாரியாகப் பிரித்தால்: குழந்தை இடுப்புப் பக்கமாக இருந்து அறுத்தவர்களில் 84, துடிப்பு இறங்கி அறுத்தவர்களில் 73, வலி முன்னேறாமல் அறுத்தவர்களில் 64. வலியைத் தூண்டுவது, முன்பு சுகப்பிரசவமே இல்லாதது, பிஎம்ஐ 30க்கு மேல், பழைய காரணம் வலி முன்னேறாதது என நான்கும் ஒரே பெண்ணிடம் சேர்ந்தால் 40க்கு இறங்கிவிடும்.

இன்னொரு கணக்கைப் பலர் சொல்வதில்லை. 2004இல் வெளிவந்த அமெரிக்கப் பெரும் ஆய்வில் 17,898 பேர் முயன்றார்கள், 124 பேருக்குக் கிழிந்தது. சுகப்பிரசவமாக முடிந்தவர்களில் கிழிதல் 0.1 சதவீதம். முயன்று தோற்று அறுவைக்குப் போனவர்களில் 2.3 சதவீதம். ரத்தம் ஏற்றுவது, காய்ச்சல் இவையும் தோற்றவர்களிடம்தான் அதிகம். சிசேரியனா சுகப்பிரசவமா என்று இரண்டாகப் பார்க்காதீர்கள். நல்லபடி முடிந்த சுகப்பிரசவம், திட்டமிட்ட சிசேரியன், பாதியில் தோற்ற முயற்சி என்று மூன்று வழி இருக்கிறது. மூன்றில் மோசம் கடைசிதான். ஜெயிக்கக்கூடியவர்களைத் தேர்ந்தெடுப்பதே பாதி பாதுகாப்பு.

---

பச்சைக்கோடு | லேபர் வார்டு செவிலியர் | பதிவு 5

வெற்றி வாய்ப்புக்கு அட்மிஷன்லயே போட ஒரு மார்க் இருக்கு, ஃப்ளாம் ஸ்கோர். வயசு 40க்குள்ள இருந்தா 2. சிசேரியனுக்கு முன்னாடியும் பின்னாடியும் சுகப்பிரசவம் ஆயிருந்தா 4, பின்னாடி மட்டும்னா 2, முன்னாடி மட்டும்னா 1. பழைய காரணம் 'வலி முன்னேறலை'ன்னு இல்லாம வேறன்னா 1. கர்ப்பப்பை வாய் முக்கால் பங்குக்கு மேல மெலிஞ்சிருந்தா 2, கால் பங்கிலேருந்து முக்கால்வரைக்கும் 1. வந்தப்பவே 4 செ.மீ. திறந்திருந்தா 1. மொத்தம் 10. எட்டோ அதுக்கு மேலயோ இருந்தா நூத்துக்கு 95 பேருக்கு சுகப்பிரசவம், ரெண்டோ அதுக்குக் கீழயோன்னா பாதிக்குப் பாதி. கால்குலேட்டர் வேண்டாம், ஒரு உள்பரிசோதனை போதும்.

---

எண்ணும்எழுத்தும் | பதிவு 6

அமெரிக்க ஆன்லைன் கால்குலேட்டரைவிட எனக்கும் இதுதான் பிடிக்கும். அந்தக் கால்குலேட்டரில் முன்பு இனத்தையும் கேட்டு மார்க் குறைத்தார்கள், 2021இல்தான் அதை எடுத்தார்கள். ஆனால் ஃப்ளாம் சொல்வது வெற்றியை மட்டும்தான். தழும்பு பிரியுமா என்பதைச் சொல்லாது. பத்துக்குப் பத்து வாங்கினாலும் சிடிஜி (குழந்தையின் துடிப்பையும் வலியையும் பேப்பரில் வரையும் மெஷின்) மாட்டத்தான் வேண்டும்.

---

ஸ்கேன்அறை | கதிரியக்கம் | பதிவு 7

தழும்பு தடிமன் பற்றி யாரும் பேசவில்லையே? 36 வாரத்தில் கீழ்ப்பகுதியை அளந்து கொடுக்கச் சொல்லி நிறைய சீட்டு வருகிறது. 3.5 மி.மீ.க்கு மேல் இருந்தால் பிரிவது அபூர்வம் என்று 1996 பிரெஞ்சு ஆய்வு காட்டியது. 2 மி.மீ.க்குக் கீழே என்றால் யாரும் துணிய மாட்டார்கள்.

---

வலிநேரம் | பதிவு 8

இங்கேதான் கொஞ்சம் சண்டை போடுவேன் சார். தடித்தது நல்லது, மெல்லியது கெட்டது என்பது பொதுவாக சரி. ஆனால் 2.4 என்று ரிப்போர்ட் வந்தால் என்ன செய்வது? சிறுநீர்ப்பை எவ்வளவு நிரம்பியிருந்தது, வயிற்றின் மேல் வைத்துப் பார்த்தீர்களா உள்வழியாகவா, சிறுநீர்ப்பைச் சுவரையும் சேர்த்து அளந்தீர்களா என்பதைப் பொறுத்து ஒரு மில்லிமீட்டர் இப்படி அப்படிப் போகும். அளப்பதே 2, 3 மில்லிமீட்டரைத்தான். அதனால்தான் முடிவை அந்த ஒரு எண்ணில் தொங்கவிடும்படி பெரிய வழிகாட்டுதல்கள் எதுவும் சொல்லவில்லை. மெல்லியது என்று வந்தால் மற்ற காரணங்களோடு சேர்த்து யோசிக்கலாம். தடித்தது என்று வந்ததால் லேபர் வார்டில் அசட்டையாக இருக்கக் கூடாது.

ஸ்கேனில் உண்மையிலேயே தவறவிடக் கூடாதவை இரண்டு. 6, 7 வாரத்தில் கரு பழைய தழும்புக்குள் உட்கார்ந்திருக்கிறதா? பிறகு நஞ்சு எங்கே ஒட்டியிருக்கிறது? கீழே இறங்கி முன்சுவரில், தழும்பின் மேலேயே இருந்தால் அது தசைக்குள் வேர்விட்டிருக்கலாம். ஒரு சிசேரியன் ஆனவருக்கு நஞ்சு வாயை அடைத்திருந்தால் இது 11 சதவீதம், இரண்டு ஆனவருக்கு 40, மூன்று ஆனவருக்கு 61. அந்தச் சீட்டை எத்தனை பேர் எழுதுகிறோம்?

---

ஸ்கேன்அறை | பதிவு 9

நியாயம்தான். இனி தடிமன் எழுதும்போது எந்த வழியாக அளந்தோம், சிறுநீர்ப்பை நிலை என்ன என்பதையும் சேர்த்து எழுதச் சொல்லலாம். நஞ்சு-தழும்பு உறவைத் தனி வரியாக எழுதுவது எங்கள் பக்கத்து வேலை.

---

மயக்கமேசை | மயக்க மருந்தியல் | பதிவு 10

எல்லாரும் கர்ப்பப்பையைப் பார்க்கிறீர்கள், நான் கடிகாரத்தைப் பார்க்கிறேன். முழுசாகக் கிழிந்தால், துடிப்பு விழுந்ததிலிருந்து குழந்தை வெளியே வர ஏறத்தாழ 18 நிமிடம்தான் அவகாசம். அதற்குள் எடுத்த குழந்தைகள் பெரும்பாலும் நன்றாக இருந்ததாகவும், அதைத் தாண்டியவர்களுக்கு மூளை பாதிப்பு கூடியதாகவும் ஆய்வுகள் சொல்கின்றன. '30 நிமிடத்துக்குள் சிசேரியன்' என்று சுவரில் ஒட்டியிருக்கும் அளவுகோல் இங்கே தாராளம்.

இப்போது ஒரு சின்ன நர்சிங் ஹோமை நினைத்துக்கொள்ளுங்கள். மயக்க மருந்து டாக்டர் ஃபோன் பண்ணினால் இன்னொரு ஆஸ்பத்திரியிலிருந்து வருவார். தியேட்டர் உதவியாளர் ராத்திரி வீட்டில். ரத்தம் டவுனில் உள்ள ரத்த வங்கியில். அங்கே எவ்வளவு நல்ல டாக்டர் இருந்தாலும் 18 நிமிடம் நடக்காது. விபேக் (சிசேரியனுக்குப் பிறகு சுகப்பிரசவம்) முயற்சிக்கு அந்த இடம் சரியில்லை, அவ்வளவுதான். அரசு சீமாங் (அவசர மகப்பேறு, பச்சிளம் குழந்தை சிகிச்சை) மையங்களில் 24 மணி நேரமும் ஆள் இருப்பது இதற்காகத்தான். தனியார் என்றால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: "ராத்திரி 2 மணிக்கு மயக்க மருந்து டாக்டர் இந்தக் கட்டடத்துக்குள்ளேயே இருப்பாரா?"

அட்மிஷனில் என் பட்டியல் இது. 16 அல்லது 18 கேஜ் கேன்யூலா (நரம்பில் போடும் பெரிய ஊசிக்குழாய்) போட்டு, சலைன் ஓடுகிறதா என்று ஒரு தடவை அடித்துப் பாருங்கள். ரத்தப் பிரிவு, கிராஸ் மேட்ச் (ரத்தப் பொருத்தம்), 2 யூனிட் கையில். வலி நேரத்தில் இளநீர், தண்ணீர், வடிகட்டிய கஞ்சித் தண்ணீர் போதும், இட்லி வேண்டாம். மூச்சுக்குழாய் எளிதாகப் போடக்கூடிய கழுத்தா, வாய் நன்றாகத் திறக்கிறதா என்று வலி ஆரம்பத்திலேயே நாங்கள் வந்து பார்த்துவிட வேண்டும்.

எபிடியூரல் (பிரசவ வலி தெரியாமலிருக்க முதுகில் கொடுக்கும் மருந்து) பற்றி ஒரு கட்டுக்கதை: 'தழும்பு வலியை மறைத்துவிடும், அதனால் கொடுக்கக் கூடாது.' தவறு, தாராளமாகக் கொடுக்கலாம். நன்றாக வேலை செய்துகொண்டிருந்த எபிடியூரலுக்கு மேல் வலி துளைத்துக்கொண்டு வந்து, திரும்பத் திரும்ப டோஸ் கேட்கிறார் என்றால் அதுவே எச்சரிக்கை மணி. மருந்தை ஏற்றுவதற்கு முன் வயிற்றில் கை வைத்துப் பாருங்கள்.

---

பச்சைக்கோடு | பதிவு 11

கிழியும்போது சினிமால மாதிரி அலறல் வரும்னு புதுசா வர்ற பிள்ளைங்க நினைக்கிறாங்க. அப்படி வராது. பெரும்பாலும் முதல்ல மாறுறது சிடிஜி பேப்பர்தான், மூணுல ரெண்டு பங்குக்கு மேல கேஸ்ல. முதல்ல குழந்தையோட துடிப்புக் கோட்டுல வலியோட சேர்ந்து குழி விழும். அப்புறம் வலி போனப்புறமும் குழி மேல ஏறி வர நேரம் எடுக்கும். கடைசியா 80, 70ன்னு விழுந்து அங்கேயே நிக்கும். அந்த முதல் குழிகள்லயே டாக்டரைக் கூப்பிடணும், 70 வரைக்கும் காத்திருக்கக் கூடாது.

மத்தது: ரெண்டு வலிக்கு நடுவுல வயிறு தளரணும். தளர்ந்தப்புறமும் தழும்பு இடத்துல விடாம வலிச்சா அது சாதா வலி இல்ல. தோள்பட்டை நுனில வலின்னா உள்ள ரத்தம் கசிஞ்சு உதரவிதானத்தைத் தொடுதுன்னு அர்த்தம். நல்லா வந்துக்கிட்டிருந்த வலி திடீர்னு நின்னு போறது. உள்பரிசோதனைல கீழ இருந்த தலை மேல ஏறிப் போறது. நாடி 120, பிபி இறங்குது, வெளிய ரத்தம் கொஞ்சம்தான். யூரின் பைல இளஞ்சிவப்புக் கலர். யூரின் டியூப் போட்டிருந்தா அந்தப் பைய கட்டிலுக்கு அடியில மறைக்காம, கண்ணு படற பக்கம் தொங்க விடுங்க.

சிடிஜி மெஷின் ஒண்ணே ஒண்ணுதான் வார்டுல இருக்குன்னா அது தழும்பு இருக்கிற அம்மாவுக்குத்தான்.

இன்னொண்ணு, தயவுசெஞ்சு வயித்த அழுத்தாதீங்க. முக்கும்போது மேலேருந்து முழங்கைய வெச்சுத் தள்ற பழக்கம் இன்னும் இருக்கு. யாருக்குமே செய்யக் கூடாதுன்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது, தழும்பு உள்ள அம்மாவுக்கு அது கொலைபாதகம். தலை இறங்கிடுச்சு, வெளிய வர மாட்டேங்குதுன்னா டாக்டர் தலையைப் பிடிச்சு இழுக்கிற வேக்குவம் போடட்டும்.

---

வார்டுநிழல் | முதுநிலை மாணவர் | பதிவு 12

ஆக்சிடோசின் (வலியைத் தூண்டும், கூட்டும் மருந்து) டிரிப்ஸ் போடலாமா, கூடாதா? சில சீனியர் 'தழும்பு இருந்தா சொட்டு மருந்தே கூடாது' என்கிறார்கள். சிலர் 500 மி.லி.யில் 5 யூனிட் போட்டு 8 சொட்டில் ஆரம்பி என்கிறார்கள்.

---

வலிநேரம் | பதிவு 13

போடலாம். ஆனால் யார், ஏன், எவ்வளவு என்று மூன்றும் கேஸ் ஷீட்டில் இருக்க வேண்டும், மூத்த மருத்துவர் பார்த்து முடிவெடுத்திருக்க வேண்டும். அந்த 2004 ஆய்விலேயே தானாக வந்த வலியில் கிழிதல் 0.4, ஆக்சிடோசினால் வலியைக் கூட்டியவர்களில் 0.9, தூண்டியவர்களில் 1.0 சதவீதம். அபாயம் இரண்டு மடங்கு என்பது உண்மை, தடை இல்லை.

ஆனால் தம்பி, 'எட்டு சொட்டு' என்று எழுதாதே. 500 மி.லி.யில் 5 யூனிட் என்றால் ஒரு மி.லி.யில் 10 மில்லி யூனிட். நிமிடத்துக்கு 1 மில்லி யூனிட் வேண்டும் என்றால் பம்பில் மணிக்கு 6 மி.லி. கையால் எண்ணினால் செட்டைப் பொறுத்தது. ஒரு மி.லி.க்கு 20 சொட்டு விழும் செட்டில் அது 2 சொட்டு. 60 சொட்டு விழும் மைக்ரோ செட்டில் 6 சொட்டு. பகல் ஷிஃப்டில் மைக்ரோ செட் போட்டு 12 சொட்டில் ஓடிக்கொண்டிருக்கும், அதாவது 2 மில்லி யூனிட். ராத்திரி செட் அடைத்துக்கொள்ளும், கையில் கிடைத்த சாதா செட்டை மாட்டுவார்கள், ஷீட்டில் '12 சொட்டு' என்று இருப்பதால் 12 சொட்டே விடுவார்கள். இப்போது ஓடுவது 6. யாரும் தப்பு செய்யவில்லை, மருந்து மட்டும் மூன்று மடங்கு. அதனால் ஆர்டர் மில்லி யூனிட்டில் இருக்கட்டும், சொட்டுக் கணக்கு பாட்டில் ஸ்டிக்கரில் இருக்கட்டும். முடிந்தால் பம்ப்.

1 அல்லது 2 மில்லி யூனிட்டில் ஆரம்பித்து 30 நிமிடத்துக்கு ஒரு முறைதான் ஏற்ற வேண்டும். குறி 10 நிமிடத்தில் 3 அல்லது 4 வலி. அது வந்துவிட்டால் அங்கேயே நிறுத்து, மேலே ஏற்றாதே. 5 வந்தால் டிரிப்ஸை மூடு, இடது பக்கம் திருப்பிப் படுக்க வை, துடிப்பைப் பார். நிமிடத்துக்கு 20 மில்லி யூனிட்டுக்கு மேல் போனால் கிழியும் அபாயம் தெளிவாக ஏறுகிறது. அந்த அளவுக்கு அருகில் வந்தும் வாய் திறக்கவில்லை என்றால் மருந்து போதாமல் இல்லை, வழி அடைத்திருக்கிறது. நல்ல வலி இருந்தும் 2 மணி நேரம் முன்னேற்றமே இல்லாத தழும்பு கேஸில் டிரிப்ஸைக் கூட்டுவது, சுவரில் முட்டி நிற்கும் வண்டியில் ஆக்சிலரேட்டரை மிதிப்பது மாதிரி.

---

வார்டுநிழல் | பதிவு 14

புரிந்தது டாக்டர். வலியே வரவில்லை, 40 வாரம் தாண்டிவிட்டது என்றால்? வாயை மென்மையாக்கி வலியைத் தூண்டும் ப்ராஸ்டாகிளாண்டின் ஜெல் வைக்கலாமா?

---

வலிநேரம் | பதிவு 15

அதே வகை மருந்தான மிசோப்ரோஸ்டால் மாத்திரை நிறைமாதத்தில் தழும்பு உள்ளவருக்கு அறவே கூடாது. கால் மாத்திரையும் கூடாது. உள்ளே போன பிறகு திரும்ப எடுக்க முடியாத மருந்து அது. 2001இல் வாஷிங்டன் மாநிலத்தில் 20,095 பேரின் பதிவுகளைப் பார்த்தபோது, ஆயிரத்துக்குக் கிழிதல் இப்படி இருந்தது: வலியே இல்லாமல் சிசேரியன் 1.6, தானாக வலி 5.2, ப்ராஸ்டாகிளாண்டின் இல்லாமல் தூண்டியது 7.7, ப்ராஸ்டாகிளாண்டினோடு தூண்டியது 24.5. பிறகு வந்த ஆய்வுகளில் கடைசி எண் இவ்வளவு பெரிதாக இல்லை, ஜெல்லை முழுசாக ஒதுக்காதவர்களும் இருக்கிறார்கள். நான் ஒதுக்குகிற கட்சி.

ஃபோலி பலூன் போதும். கர்ப்பப்பை வாய்க்குள் விட்டு 30 முதல் 60 மி.லி. சலைன் நிரப்பி, லேசாக இழுத்துத் தொடையில் பிளாஸ்திரி. தானாக விழுந்தால் 3, 4 செ.மீ. திறந்திருக்கும். துடிப்பு மாறினாலோ வலி கூடிப்போனாலோ சலைனை உறிஞ்சி எடுத்துவிடலாம், மாத்திரையில் அது முடியாது. பலூன் விழுந்தும் வாய் சாதகமாக இல்லை என்றால் பேசி, சிசேரியன்.

---

துணைநிலையம் | பதிவு 16

ஊர்ல இன்னொரு வழி இருக்கு டாக்டர். தேதி தாண்டினா பாட்டிங்க விளக்கெண்ணெய் குடுப்பாங்க. 'ஆபரேஷன் வேண்டாம்னா இதைக் குடி'ன்னு.

---

வலிநேரம் | பதிவு 17

அளவும் தெரியாது, நிறுத்தவும் முடியாது, சிடிஜியும் இல்லை. தழும்பு உள்ளவருக்கு வேண்டவே வேண்டாம் என்று எட்டாம் மாதமே பாட்டியிடம் நேரில் சொல்லிவிடுங்கள் சிஸ்டர். அம்மாவிடம் மட்டும் சொன்னால் நிற்காது.

---

கிளினிக்கொப்பி | மகப்பேற்று மருத்துவம், யாழ்ப்பாணம் | பதிவு 18

இஞ்ச இருந்து இரண்டு விசயம். ஒன்று, இடைவெளி. போன பிரசவத்துக்கும் இந்தப் பிரசவத்துக்கும் இடையில 18 மாதத்துக்குக் குறைவெண்டால் தழும்பு பிரியிற சாத்தியம் கூடுது. அதால இந்தக் கதையை இரண்டாவது கர்ப்பத்தில தொடங்கக் கூடாது, முதல் சிசேரியன் முடிஞ்சு தாய் வீட்ட போகமுதலே தொடங்க வேணும். தியேட்டரிலேயே லூப் (கருத்தடைச் சாதனம்) போடலாம், அல்லது ஊசி, எதுவெண்டாலும் தாயின்ர விருப்பம். எந்த வெட்டு, அடுத்த முறை முயற்சிக்கலாமோ எண்டு ஒரே வரியில கொப்பியில எழுதிக் குடுத்தால், துணைநிலையம் அக்கா கேட்ட கேள்வியே வராது.

இரண்டாவது, இரண்டு சிசேரியன் ஆன தாய்மார். அவையளுக்கும் ஏறத்தாழ 71 வீதம் வெற்றிதான். ஆனால் கிழிதல் 1.36 வீதம். சட்டமாக மறுக்கேலாது, அதுக்காக எல்லா இடத்திலயும் செய்யவும் ஏலாது. முன்னம் ஒரு சுகப்பிரசவம் இருந்து, தானாக வலியும் வந்து, நிபுணரும் தியேட்டரும் பக்கத்தில இருந்தால் மட்டும் கதைக்கலாம். தூண்டிறது எண்ட பேச்சே வேண்டாம்.

---

மயக்கமேசை | பதிவு 19

போன தடவை கர்ப்பப்பை வெட்டை மூடியது இரட்டை அடுக்குத் தையலா ஒற்றைத் தையலா என்ற கேள்வி?

---

கிளினிக்கொப்பி | பதிவு 20

கனடா ஆய்வொன்றில 2002இல ஒற்றை அடுக்குத் தையலில கிழிதல் கூட எண்டு வந்தது. பிறகு வந்த பெரிய பரிசோதனையில வித்தியாசம் பெரிசாக இல்லை. முடியாத வழக்கு. குறிப்பில இருந்தால் பாருங்கோ, அதை வச்சு ஒருவரையும் மறுக்காதேங்கோ.

---

எண்ணும்எழுத்தும் | பதிவு 21

எதிர்த்தரப்புக்கும் ஒரு வார்த்தை. யோசித்து 'எனக்கு சிசேரியனே போதும்' என்று சொல்லும் பெண்ணை யாரும் கரைக்க வேண்டாம், அதுவும் சரியான முடிவுதான். திட்டமிட்ட விபேக்கில் பிரசவத்தையொட்டிய குழந்தை மரணம் 10,000இல் 4. முதல் பிரசவம் பார்க்கும் எந்தப் பெண்ணுக்கும் உள்ள அளவுதான் அது, ஆனால் திட்டமிட்ட சிசேரியனைவிட அதிகம். தாய்க்கான கணக்கு தலைகீழ்: மரணம் விபேக்கில் லட்சத்துக்கு 4, சிசேரியனில் 13.

ஆனால் தேதி. 39 வாரம் முடியட்டும். நட்சத்திரம் நன்றாக இருக்கிறது, அடுத்த வாரம் அஷ்டமி நவமி வருகிறது என்று 37 வாரத்தில் எடுத்தால், ஜாதகம் நன்றாக இருக்கும், குழந்தை மூச்சு வாங்கிக்கொண்டு இன்குபேட்டரில் இருக்கும். 39இல் எடுத்தாலே 100இல் 4, 5 குழந்தைகளுக்குக் கொஞ்ச நேரம் மூச்சுத் தொந்தரவு வருகிறது, விபேக்கில் அது 2, 3. நல்ல நேரத்தை 39க்கும் 40க்கும் நடுவில் தேடச் சொல்லுங்கள். தேதிக்கு முன்பே வலி வந்துவிட்டால் என்ன செய்வது என்பதையும் 36 வாரத்திலேயே பேசி, எழுதி, கையெழுத்து வாங்கிவிட வேண்டும்.

---

பச்சைக்கோடு | பதிவு 22

குழந்தை வந்ததும் கதை முடிஞ்சிடாது. குழந்தை பொறந்த ஒரு நிமிஷத்துல வழக்கம்போல தொடையில 10 யூனிட் ஆக்சிடோசின். நஞ்சு வந்ததும் கைய உள்ள விட்டுத் தழும்பைத் தடவிப் பாக்கிற பழைய வழக்கம் இப்ப தேவையில்ல. நல்லா இருக்கிற தழும்பை விரலே கிழிச்சிடும். கர்ப்பப்பை கல்லு மாதிரி சுருங்கியிருக்கு, வெளியில கிழிசல் இல்ல, ஆனா ரத்தம் நிக்கலை, இல்லேன்னா ரத்தம் போனதுக்கும் நாடிக்கும் சம்பந்தமே இல்லாம நாடி ஓடுதுன்னா அப்பதான் தியேட்டர்ல வெச்சுப் பாக்கணும். முதல் 2 மணி நேரம் 15 நிமிஷத்துக்கு ஒரு தடவை நாடி, பிபி, பேடு.

---

வலிநேரம் | பதிவு 23

கிழிந்துவிட்டால் அதே நொடியில் ஆக்சிடோசின் மூடு, இடது பக்கம் திருப்பு, இரண்டாவது பெரிய கேன்யூலா, ரத்தத்துக்கு ஆள், குழந்தை மருத்துவருக்கு ஃபோன், டிராலியைத் தள்ளு. முதுகில் ஊசி போட நேரம் பார்க்காதீர்கள், முழு மயக்கம். ரத்தப்போக்கைக் குறைக்க டிரானெக்சாமிக் அமிலம் 1 கிராம். உள்ளே போனதும் சிறுநீர்ப்பை கிழிந்திருக்கிறதா என்று பாருங்கள், பழைய தழும்போடு அது ஒட்டியிருக்கும். பெரும்பாலும் தைத்துவிடலாம். கிழிந்தவர்களில் 14 முதல் 33 சதவீதம் பேருக்குக் கர்ப்பப்பையை எடுக்க வேண்டி வருகிறது, அதனால் இந்தச் சாத்தியத்தைச் சம்மதப் படிவத்தில் முன்பே எழுதியிருக்க வேண்டும். தைத்து விட்டவர்கள் மறுபடி கர்ப்பமானால் 36, 37 வாரத்தில், வலி வரும் முன் சிசேரியன். டிஸ்சார்ஜ் சம்மரியில் இதைப் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுங்கள்.

---

துணைநிலையம் | பதிவு 24

கடைசியா ஒண்ணு. எப்ப வீட்டை விட்டுக் கிளம்பச் சொல்லணும்? மத்தவங்களுக்குச் சொல்ற மாதிரி அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு வலி வரட்டும்னு சொல்லலாமா?

---

வலிநேரம் | பதிவு 25

வேண்டாம். ஒழுங்கான வலி 10 நிமிடத்துக்கு ஒன்று என்று ஆரம்பித்ததுமே கிளம்பட்டும். பனிக்குடம் உடைந்தால் வலி இல்லாவிட்டாலும், சொட்டு ரத்தம் பட்டால் உடனே. சீமாங் ஆஸ்பத்திரி ஒரு மணி நேரத்துக்கு மேல் தூரம் என்றால் 38 வாரத்திலிருந்தே பக்கத்தில் உறவினர் வீட்டில் தங்கச் சொல்லுங்கள், அல்லது தேதிக்கு முன் அட்மிஷன்.

108க்குப் பேசும்போது முதல் வாக்கியமே "பழைய சிசேரியன், வலி வந்தாச்சு, சீமாங் போகணும்" என்று இருக்கட்டும். 'பிரசவ வலி' என்று மட்டும் சொன்னால் வண்டி பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் இறக்கிவிடும். அங்கிருந்து திரும்பவும் ஒரு வண்டி பிடிக்க வேண்டும்.

---

துணைநிலையம் | பதிவு 26

அந்த வாக்கியத்தை தாய் சேய் நல அட்டையோட பின் அட்டையில எழுதி ஒட்டிடறேன் டாக்டர். ஃபோன் பண்றது எப்பவும் மாமனாரோ பக்கத்து வீட்டுத் தம்பியோதான், அவங்க அப்படியே பார்த்துப் படிச்சிடலாம்.